அண்ணன் செய்த சிவப்புப் புள்ளி

சுவரில் பளிச்சென்று எரிந்துகொண்டிருக்கும் சிவப்புப் புள்ளியைப் பார்த்து ஐந்து வயதுப் பிள்ளை ஒருவன் "பேட்டரி தீந்துபோச்சும்மா" என்று சொன்னால், அவன் விளையாட்டுக்குச் சொல்கிறானா, நிஜமாகவே சொல்கிறானா? போன மாதத்திலிருந்து இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு அல்லாடுகிறேன்.

நடந்தது இவ்வளவுதான். மாடி வீட்டுப் பிள்ளையின் பிறந்தநாளுக்குப் போய்வந்த என் மகன் கவின், அங்கே கொடுத்த பரிசுப் பையைத் தரையில் கொட்டினான். ஒரு சாக்லேட், ஒரு அழிரப்பர், ஒரு சாவிக்கொத்து லேசர். நம் காலத்தில் பஸ் நிலையத்தில் தட்டில் வைத்து விற்பார்களே, முனையை மாற்றிப் போட்டால் சுவரில் பட்டாம்பூச்சியும் நட்சத்திரமும் விழுமே, அதே சாமான். இதையெல்லாம் இன்னுமா பிள்ளைகள் கையில் கொடுக்கிறார்கள் என்று எரிச்சலோடு பிடுங்கப் போனேன். அதற்குள் அவன் பொத்தானை அழுத்திவிட்டான். நல்ல பகல் வெளிச்சம். எங்கள் கூடத்துச் சுவர் வெளிர்பச்சை. அதில் குங்குமம் வைத்த மாதிரி புள்ளி விழுந்தது. எனக்கு நன்றாகத் தெரிந்தது. அவன் சுவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பேட்டரி தீர்ந்துபோனதாகச் சொன்னான். சொல்லிவிட்டு, உள்ளே என்ன ஆயிற்று என்று பார்க்க அதன் முனையைத் தன் கண்ணுக்கு நேராகத் திருப்பினான்.

நான் தட்டிவிட்ட வேகத்தில் அது சோபாவுக்கு அடியில் போய் விழுந்தது. அவன் அழுதான். என் மாமியார் சமையலறையிலிருந்து வந்து, "குழந்தைய ஏம்மா அடிக்கற?" என்றார். அடிக்கவில்லை என்று விளக்கிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏனென்றால் அந்த "பேட்டரி" என்ற சொல்லை, அதே குரலில், அதே மாதிரி உறுதியாக, நான் வேறொருவர் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன்.

நான் இயல்பிலேயே பயந்த சுபாவம். கேஸ் மூடியிருக்கிறதா என்று படுத்தபின் எழுந்து பார்ப்பேன். பார்த்துவிட்டு வந்து படுத்தபின், சரியாகப் பார்த்தேனா என்று மறுபடி எழுவேன். அதனால் நான் எதையாவது பயந்து சொன்னால் வீட்டில் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. நானே போட்டுக்கொள்வதில்லை.

சோபாவுக்கு அடியிலிருந்து அதை எடுத்து, திருகிக் கழற்றி, பொத்தான் பேட்டரிகளை உள்ளங்கையில் கொட்டிக்கொண்டேன். பித்தளையும் துருவும் கலந்த ஒரு வாடை வந்தது. அதோடு சேர்ந்து சால்டரிங் பேஸ்ட் புகைகிற வாடையும் வந்தது. அது எப்படி வரும்? என் கையில் சால்டரிங் எதுவும் இல்லை. ஆனாலும் வந்தது. சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுப் பின்கட்டு அறைக்குள் நின்றுகொண்டிருந்தேன்.

அது டிவிடி ரைட்டர்கள் வந்து சில வருடங்கள் ஆன காலம். நான் கல்லூரியில் இயற்பியல் இரண்டாம் வருடம். அண்ணன் பாலாஜி எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்துவிட்டு வேலைக்கு எழுதிப்போட்டுக் காத்திருந்தான். சும்மா இருக்கவேண்டாம் என்று அப்பா, தனக்குத் தெரிந்த ஒருவருடைய பட்டுப்புடவைக் கடையில் கல்யாண சீசனுக்கு மட்டும் அவனைச் சேர்த்துவிட்டார்.

அந்தக் காலத்துப் பட்டுக்கடையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வெள்ளை விரிப்பு போட்ட மெத்தையில் நாம் உட்கார்ந்திருப்போம். எதிரே சுவர் முழுக்க, கூரை வரைக்கும் அலமாரி. அதில் மடித்த புடவைகள் முதுகைக் காட்டிக்கொண்டு அடுக்கடுக்காக இருக்கும். கல்யாண வீட்டுக்காரர்கள் கையை நீட்டி, "மேல அந்த மயில்கழுத்துக்குப் பக்கத்துல இருக்குது பாரு, இல்ல இல்ல, அதுக்குக் கீழ, ஐயே, அது இல்லப்பா" என்பார்கள். ஸ்டூல் மேல் நிற்கிற பையன் கை வைத்த இடமெல்லாம் தப்பாகவே இருக்கும். அந்த ஸ்டூல் பையன்தான் என் அண்ணன்.

தினமும் சாயந்திரம் கடுப்போடுதான் வீட்டுக்கு வருவான்.

"காப்பிக்கொட்டை கலர் கேட்டா அரக்கு எடுத்துட்டேனாம். கடையே சிரிக்குது. ஒருத்தி மெரூன்றா, ஒருத்தி அரக்குன்றா, ஒருத்தி மாதுளம்பழம்ன்றா. எல்லாம் ஒண்ணுதான. நான் இன்னா ஜோசியக்காரனா?"

"கவனம் இருந்தா ஏன்டா தப்பு வரும்?" என்பார் அம்மா. "ஊருல பொறந்த குழந்தைக்குக்கூட அரக்கு தெரியும்."

அம்மா சொன்னது உண்மை. எங்கள் தெருவில் பிள்ளைகள் நிறங்களைப் புத்தகத்தில் படித்ததில்லை. பக்கத்து வீட்டுத் தறியில் ஓடுகிற நூலைக் காட்டித்தான் சொல்லிக்கொடுப்பார்கள். சிவப்பு என்று எங்கள் ஊரில் யாராவது சொன்னால், எந்தச் சிவப்பு என்று திருப்பிக் கேட்பார்கள். அப்படிப்பட்ட ஊரில் ஒருவன் அரக்கையும் காப்பிக்கொட்டையையும் மாற்றி எடுத்தால், அவன் சோம்பேறி அல்லது திமிர் பிடித்தவன். மூன்றாவதாக ஒரு காரணம் இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. இயற்பியல் படித்துக்கொண்டிருந்த எனக்கும் தோன்றவில்லை. அதுதான் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

ஒருநாள் அண்ணன் குதூகலமாக வந்தான். கையில் பஸ் நிலையத்தில் வாங்கிய சாவிக்கொத்து லேசர்.

"இனிமே கலரே சொல்ல வாணாம். பேரே வாணாம். கஸ்டமர் கையில லைட்ட குடுத்துட்டா போச்சு. எந்தப் புடவையில புள்ளி விழுதோ அத எடுத்துப் போடுவேன். எப்படி?"

எனக்கு அது ரொம்பப் பிடித்தது. கடை முதலாளிக்கும் பிடித்துவிட்டது. அவர் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். எல்லாப் பையன்களையும் பாபு என்றுதான் கூப்பிடுவார். "பாக உந்தி, நல்லா இருக்கு பாபு. வேற எந்தக் கடையிலயும் இல்ல. செஞ்சு எடுத்துட்டு வா" என்று சொல்லிவிட்டாராம். தையில் முகூர்த்தங்கள் தொடங்குவதற்குள் கொடுக்கவேண்டும். மாதக்கணக்கில் திட்டு வாங்கிய இடத்தில் பாராட்டு கிடைத்ததால் அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. சீசன் முடிந்ததும் தன்னைக் கடையிலேயே நிரந்தரமாக வைத்துக்கொள்வார்கள், கணக்குக்கும் கம்ப்யூட்டருக்கும் தானே பொறுப்பு என்று அம்மாவிடம் சொல்லத் தொடங்கிவிட்டான்.

அங்கிருந்துதான் எங்கள் வீட்டில் லேசர் சாகத் தொடங்கியது.

சாவிக்கொத்து லேசர் போதாது என்றான். கடை டியூப்லைட்டில் ஒன்றும் தெரியவில்லையாம். எனக்குத் தெரிந்தது. ஆனால் கடையில் வேலை செய்கிறவன் அவன்தானே. சென்னை ரிச்சி தெருவுக்குப் போய், பழுதான டிவிடி ரைட்டர்களை ஒரு பை நிறையக் கொண்டுவந்தான். அவற்றைப் பிரித்தால் நடுவில் மிளகு அளவுக்கு ஒரு சாமான் இருக்கும். டிஸ்க்கில் எழுதுகிற லேசர் டயோடு அது. அதைப் பெயர்த்து எடுத்து, தடித்த மார்க்கர் பேனாக் கூட்டுக்குள் அலுமினியத் துண்டோடு பொருத்தி, மின்சாரத்தைக் கட்டுப்படுத்த ஒரு சின்னச் சர்க்யூட் போடுவான். அதில் ப்ரீசெட் என்று ஒரு திருகு. ஸ்குரூடிரைவரால் அதை இம்மி இம்மியாகத் திருப்பினால் வெளிச்சம் ஏறும். அளவைத் தாண்டினால் டயோடு செத்துவிடும். முழுசாகச் சாகாது. லேசர்தன்மை போய், மங்கலாகச் சிவந்துகொண்டு மட்டும் இருக்கும். கோபித்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருக்கிற கிழவரைப் போல.

என் வேலை, துணி பிடிப்பது. அம்மாவின் பழைய ரவிக்கைத் துண்டுகளைக் கயிற்றில் தொங்கவிட்டு, அவன் புள்ளி அடிக்க, எதில் எப்படித் தெரிகிறது என்று நான் பார்த்துச் சொல்வேன். எனக்கு அது திருவிழா. பச்சைப் பட்டில் விழுந்தால் புள்ளி செத்த மாதிரி இருக்கும். பச்சை அந்தச் சிவப்பை விழுங்கிவிடும். அரக்கில் விழுந்தால் அடுப்புக் கங்கு மாதிரி உள்ளேயிருந்து கனலும். ஜரிகையில் பட்டால் நாலாபுறமும் ஊசி ஊசியாகத் தெறிக்கும். வெள்ளை வேட்டியில் பார்த்தால் புள்ளிக்குள் அரிசிமாவு தூவினாற்போல மணிமணியாக ஏதோ மினுங்கும். தலையை அசைத்தால் அந்த மணிகளும் நகரும்.

எங்கள் பேராசிரியையிடம் அதைக் கேட்டேன். "அந்தப் புள்ளிமணிகள் துணியில இல்லம்மா, உன் கண்ணுக்குள்ள உண்டாகுது. நீ தலையை அசைச்சா எந்தப் பக்கம் போகுது?" என்றார். எதிர்ப்பக்கம் என்றேன். "அப்ப உனக்குக் கிட்டப்பார்வை. போய்க் கண்ணாடி போடு." போய்ப் பரிசோதித்தால் நிஜமாகவே கிட்டப்பார்வை. வீட்டில் இருந்த லேசரால் எனக்குக் கண்ணாடி வந்தது. அதே லேசர் அதே அறையில் இன்னொருவர் கண்ணைப் பற்றியும் தினமும் சொல்லிக்கொண்டிருந்தது. அதைக் கேட்க எங்களுக்குக் காது இல்லை.

"போதும்ணா. கண்ணு கூசுது."

"இன்னா போதும்? ஒண்ணுமே தெரியல."

"இவ்ளோ பளிச்னு இருக்குது, பாருண்ணா."

"பாத்துக்கினுதான இருக்கேன். அழுது வடியுது. உனக்கு எல்லாத்துக்கும் பயம். நீ துணியப் பிடி."

நான் துணியைப் பிடித்தேன். ப்ரீசெட்டை அவன் இன்னும் கொஞ்சம் திருப்புவான். எனக்குக் கண்ணை மூடிக்கொள்ளவேண்டும் போல இருக்கும். அவன் கண்ணைச் சுருக்கி, துணிக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்ப்பான். திடீரென்று புள்ளி சுருங்கி மங்கிவிடும். "போச்சு" என்பேன். "இப்பயா?" என்பான் அவன். எப்போது போனது என்பதே அவனுக்குச் சரியாகத் தெரியவில்லை என்று இப்போது யோசித்தால் புரிகிறது. அப்போது, சலிப்பில் கேட்கிறான் என்று நினைத்தேன். இப்படி ஒவ்வொன்றாக அத்தனை ரைட்டரும் தீர்ந்தன. மறுபடி சென்னை. மறுபடி ஒரு பை. சால்டரிங் புகை பின்கட்டைத் தாண்டி வாசல் வரைக்கும் வந்து, "வீட்டுக்குள்ள இன்னாடா பொணத்தயா எரிக்கிற?" என்று அம்மா கத்துகிற அளவுக்கு ஆயிற்று.

நடுவில் எங்கள் கல்லூரியில் கண்காட்சி வைத்தார்கள். இருட்டறையில், நீளமான குழாய் ஒன்றிலிருந்து வருகிற பழைய காலத்து ஹீலியம் நியான் லேசர். அண்ணனைக் கூட்டிப்போய்க் காட்டினேன். சுவரில் விழுந்த புள்ளியைப் பார்த்துவிட்டு அவன் வாயைத் திறந்தபடி நின்றான். "இதுதான்டி லேசர். நான் செய்யறதெல்லாம் குப்பை" என்றான். எனக்கு அது அவன் செய்ததைவிட மங்கலாகத்தான் பட்டது. கொஞ்சம் ஆரஞ்சு கலந்த சிவப்பு, அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் நான் அப்படிச் சொன்னால் சமாதானத்துக்குச் சொல்கிறேன் என்பான். அதனால், கல்லூரிச் சாமான் என்றால் சும்மாவா என்று ஒத்துப்பாடினேன். வீட்டுக்கு வந்து மறுபடியும் ப்ரீசெட்டைத் திருப்ப உட்கார்ந்தான்.

தை பிறந்தது. கையில் ஒரே ஒரு டயோடு மிச்சம். அது மட்டும் எப்படியோ முழுத் திருப்புக்கும் சாகாமல் தாங்கிவிட்டது. பின்கட்டின் அரையிருட்டில் பார்த்துவிட்டு, "சுமாரா இருக்குது, ஆனா பரவால்ல" என்று அதை மார்க்கர் பேனாவுக்குள் அடைத்து, மேலே வெள்ளிநிறக் காகிதம் சுற்றினான். பார்க்க அழகாக இருந்தது. நான் அதை வெள்ளைச் சுவரில் அடித்துப் பார்த்து, கண்ணில் நீர் வந்து, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கடையில் முதல்நாள் எப்படி இருக்கிறது என்று பார்க்க என்னையும் அம்மாவையும் கூட்டிப்போனான். நாங்கள் மெத்தையின் ஓரத்தில், வாங்க வந்தவர்கள் மாதிரி உட்கார்ந்துகொண்டோம். வேலூரிலிருந்து ஒரு கல்யாண வீடு வந்திருந்தது. பெண்ணின் அம்மா, அத்தை, சித்தி, மணப்பெண். முதலாளி அந்த வெள்ளிநிறக் குச்சியைத் தாம்பூலம் கொடுப்பதுபோல இரண்டு கையாலும் பெண்ணின் அம்மாவிடம் கொடுத்தார்.

"கைநீட்ட வேண்டாம்மா. எது வேணுமோ அதுமேல லைட் அடிங்க. நம்ம பாபு செஞ்சது."

அண்ணன் ஸ்டூலில் ஏறி, அலமாரியைப் பார்த்து நின்றான். அந்த அம்மாள் கூச்சத்தோடு அழுத்தினார். நான்காவது தட்டில் ஒரு அரக்குப் புடவையின் முதுகில் புள்ளி விழுந்தது. கங்கு மாதிரி. பக்கத்து ஜரிகைக் கரையில் பட்டுச் சிதறி, கடையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் ஒரு கணம் கண்ணைச் சுருக்கினோம்.

"எதும்மா?" என்றான் அண்ணன்.

"அதான்பா. வெச்சிருக்கேனே."

"எங்கம்மா?"

"உன் கைகிட்டதான்பா."

அவன் கை அந்தப் புள்ளிக்குச் சாண் தூரத்தில் இருந்தது. அங்கேயே நின்று, மேல் தட்டைப் பார்த்தான், கீழ்த் தட்டைப் பார்த்தான். அந்த அம்மாள் உதவுவதாக நினைத்துப் புள்ளியை ஆட்டினார். அது அவன் சட்டைக் கையில் ஏறி இறங்கியது. அவன் பார்க்கவில்லை. பக்கத்திலிருந்த வேறொரு புடவையைத் தொட்டு, "இதுவாம்மா?" என்றான்.

அத்தைதான் முதலில் சிரித்தார். "லைட்ட செஞ்சவனுக்கே லைட்டு தெரியல." பிறகு எல்லோரும். முதலாளியும் சிரித்தபடி, "கண்ணாடி போடு பாபு" என்றார். கெட்ட சிரிப்பு இல்லை, கல்யாண வீட்டுச் சிரிப்புதான். அண்ணன் ஸ்டூலில் நின்றபடியே திரும்பி எல்லோர் முகத்தையும் பார்த்தான். எல்லோரும் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், அந்த இடத்தில் அவனுக்கு ஒன்றும் இல்லை என்பது அவனுக்கு அப்போதுதான் விளங்கியிருக்கவேண்டும். அவனும் சிரித்தான்.

"பேட்டரி தீந்துபோச்சு முதலாளி" என்றான்.

புள்ளி அப்போதும் எரிந்துகொண்டிருந்தது.

மணப்பெண் கண் கூசுவதாகச் சொன்னதும் முதலாளி குச்சியை வாங்கி மேஜை இழுப்பறைக்குள் போட்டுவிட்டார். அன்றைக்கு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த ஜரிகைத் தெறிப்பு யாராவது ஒருவர் கண்ணில் நேராகப் போயிருந்தால் என்று இன்றைக்கும் வேலைக்கு நடுவில் திடீரென்று ஒரு திக் வரும்.

வீட்டுக்கு வரும் வழியில் அண்ணன் எங்களுக்கு முன்னால் நடந்தான். அம்மா என் கையைப் பிடித்து இழுத்து, மெல்லக் கேட்டார். "அவனுக்கு நெஜமாவே தெரியலயாடி?"

"தெரியலம்மா."

அம்மா முன்னால் போகிறவன் முதுகைப் பார்த்துவிட்டு, "இத எங்கயும் சொல்லிக்கினு இருக்காத. நாளைக்குப் பொண்ணு தேடணும்" என்றார். அவ்வளவுதான். எங்கள் வீட்டில் அந்த விஷயம் அதோடு மூடப்பட்டது. அடுத்த வாரம் அண்ணன் டயோடு, லென்ஸ், ப்ரீசெட் எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுப் பரணில் ஏற்றினான். கடைக்குப் போவதை நிறுத்தினான். கொஞ்ச நாளில் ஓரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. வயர் நிறம் பார்க்கவேண்டாத வேலை என்று மட்டும் தெரியும். அதைக்கூட அவன் சொல்லவில்லை, நானாகப் புரிந்துகொண்டேன்.

எனக்கு அவன்மேல் வருத்தம் இல்லை. அவன் தேர்ந்தெடுத்த வழியை நினைத்தால்தான் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. நிறத்தின் பெயரைச் சொல்லாமல் தப்பிக்க ஒரு வழி கண்டுபிடித்தான். நல்ல வழி. உலகத்தில் இருக்கிற வெளிச்சங்களில் அவன் கைக்கு எட்டியது அந்த ஒரு சிவப்புதான். அவன் கண்ணுக்கு எட்டாததும் அந்த ஒரு சிவப்புதான். அன்றைக்குப் பச்சை லேசர் மலிவாகக் கிடைத்திருந்தால், அவன் ஸ்டூலில் நின்று, சரியான புடவையை உருவி, மெத்தையில் வீசி விரித்திருப்பான். அந்தக் கடையில் இன்னும் இருந்திருப்பான். யாருக்குமே தெரிந்திருக்காது. அது நல்லதா, கெட்டதா?

கல்லூரி முடிந்தபின் நூலகத்தில் உட்கார்ந்து படித்தேன். சிலருக்குச் சிவப்பின் கடைக்கோடி வெளிச்சம் கண்ணில் சரியாகப் பதியாது. மற்றவர்களுக்குப் பளிச்சென்று எரிவது அவர்களுக்கு மங்கலாகவோ, இல்லாமலேயோ இருக்கும். கொஞ்சம் ஆரஞ்சுப் பக்கம் நகர்ந்த சிவப்பு தெரியும். கல்லூரிக் குழாயின் மர்மம் எனக்கு அங்கேதான் விலகியது. பெரும்பாலும் ஆண்பிள்ளைகளுக்கு வருவது. அம்மா வழியாக வருவது. அம்மாவுக்கே தெரியாமல் வருவது. என் அம்மாவிடமிருந்து அண்ணனுக்கு வந்திருந்தால், எனக்குள்ளும் அது இருக்கப் பாதி வாய்ப்பு. அந்தப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, கல்யாணம் செய்துகொண்டு, கவினைப் பெற்றேன். ஐந்து வருடம் நினைக்காமல் இருக்க முடிந்தது. ஒரு பரிசுப் பை வரும் வரைக்கும்.

இப்போது என் நிலைமையைச் சொல்கிறேன். தக்காளி என்ன நிறம் என்று கேட்டால் சிவப்பு என்கிறான். இலை பச்சை என்கிறான். கிரேயானை எடுத்து நீட்டினால் சரியாகச் சொல்கிறான். என் கணவர், "போதுமா? இப்ப நிம்மதியா?" என்கிறார். எனக்கு எங்கே நிம்மதி? அண்ணனும் தக்காளியைச் சிவப்பு என்றுதான் சொன்னான். எல்லோரும் சொல்வதைக் கேட்டு ஒரு பிள்ளை எவ்வளவு தூரம் சமாளித்துவிட முடியும் என்று நான் பார்த்திருக்கிறேன். போன வாரம் நிறத்தின் பெயர் போட்ட கிரேயான் மேல்தாளை உரித்துவிட்டுக் கேட்டேன். காப்பிநிறத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தான். யோசித்தானா, பராக்குப் பார்த்தானா? அந்த நேரம் பார்த்து வாசலில் ஐஸ்கிரீம் வண்டி மணி அடித்தது.

சளிக்குக் காட்டப் போனபோது டாக்டரிடம் மெதுவாகக் கேட்டேன். "இன்னும் கொஞ்சம் பெரியவனாகட்டும், கண் டாக்டர்கிட்ட படம் காட்டிப் பாத்துடலாம். குடும்பத்துல யாருக்காவது இருக்கா?" என்றார். பக்கத்தில் மாமியார். "தெரியல டாக்டர்" என்றேன். படிகள் இறங்கும்போது என்மேலேயே எனக்கு எரிச்சலாக இருந்தது.

அம்மாவுக்குப் போன் செய்தேன். "அவனுக்கு ஒண்ணும் இருக்காது. நீயா எதயாவது கெளப்பாத. உங்க அண்ணிக்கே தெரியாது" என்றார்.

அங்கேதான் சிக்கல். அண்ணிக்குத் தெரியாது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில், புடவையிலிருந்து சுவர்ப் பெயிண்ட் வரைக்கும் எல்லாம் அவர்தான் தேர்ந்தெடுக்கிறார். "உங்க அண்ணனுக்கு எதுலயும் இஷ்டமே இல்ல, எது கேட்டாலும் உன் இஷ்டம்ன்றாரு" என்று பெருமையாகவும் குறையாகவும் சொல்வார். அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை. அவளுக்கு நிறமெல்லாம் நன்றாகத் தெரியும், ஆனால் அண்ணனுடையது அவளுக்குள்ளும் போயிருக்கும். நாளைக்கு அவளும் என்னைப் போல ஒரு சுவருக்கு முன்னால் நிற்கலாம். நான் என் பிள்ளையை வெளிப்படையாகப் பரிசோதித்தால், அண்ணன் வீட்டுக் கதவையும் சேர்த்துத்தான் தட்டுகிறேன். தட்டாவிட்டால், கவின் ஏதோ ஒரு ஸ்டூலில் ஏறி நிற்கிற நாள் வரைக்கும் பொறுத்திருக்கவேண்டும்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அந்தக் கடையைப் பார்த்தேன். மெத்தை இல்லை. கண்ணாடி மேஜை, சுழல்நாற்காலி. அலமாரியைப் பார்த்து யாரும் கைநீட்டுவதில்லை. கடைப்பெண் ஒருத்தி புடவையைக் கேமராவுக்குக் காட்ட, எந்த ஊரிலோ இருக்கிறவர்கள் திரையில் வட்டம் போட்டுக் காட்டுகிறார்கள். அந்த முதலாளி இல்லை. வெள்ளிநிறக் குச்சி என்ன ஆயிற்றோ. அம்மா பரணைச் சுத்தம் செய்தபோது பிஸ்கட் டின்னைப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டார். ரைட்டர்களும் போய்விட்டன. இப்போது வருகிற கம்ப்யூட்டரில் டிஸ்க் போடுகிற வாயே இல்லை. எல்லாவற்றையும்விட, சாயந்திரம் வந்து கடுப்போடு கத்துகிற அந்த அண்ணன் போய்விட்டான். இப்போதிருப்பவன் அமைதியானவன். எது கேட்டாலும் உன் இஷ்டம் என்பவன். நான் போன் செய்தால், "சொல்லும்மா" என்று தொடங்கி, பிள்ளை எப்படி இருக்கிறான் என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறான்.

நேற்று கவின் அந்தச் சாவிக்கொத்தைக் கேட்டு ஒரே அடம். சரி என்று, பேட்டரி இல்லாத வெறும் கூட்டைக் கொடுத்தேன். பொத்தானை அழுத்திச் சுவரில் அடித்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்து, "இப்ப எப்படிடா இருக்கு?" என்று கேட்டேன். சாதாரணமாகக் கேட்பதுபோலத்தான் கேட்டேன்.

சுவரைப் பார்த்தான். "அன்னிக்கு மாதிரியேதாம்மா இருக்கு" என்றான். சொல்லிவிட்டு அதை விமானமாக்கிப் பறக்கவிட ஓடிவிட்டான்.

இதைப் படிக்கிற உங்களில் யாருக்காவது இப்படி ஒரு பிள்ளையோ, அண்ணனோ, கணவரோ இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள். சிறுவயதிலேயே தெரிந்துகொண்டது உங்களுக்கு உதவியதா, பாரமாக இருந்ததா? பிள்ளையை முதலில் டாக்டரிடம் காட்டுவதா, அண்ணனிடம் முதலில் பேசுவதா? எனக்கு அண்ணனிடம்தான் கேட்கவேண்டும் என்று தோன்றுகிறது. எந்த வயதில் அவனுக்குச் சந்தேகம் வந்தது, யாராவது முன்பே சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்குமா என்று அவனைத் தவிர வேறு யாரால் சொல்ல முடியும்? போனைக் கையில் எடுக்கிறேன். "சொல்லும்மா" என்கிறான். அதற்குப் பிறகு வரவேண்டிய முதல் வாக்கியம்தான் எனக்கு வரவில்லை. அதை மட்டும் யாராவது எழுதி அனுப்புங்கள். மீதியை எப்படியாவது நான் பேசிவிடுகிறேன்.